வீட்டு மேசைக் கணினி இயங்காமல் நின்றால் எங்கே தொடங்குவது?

"கணினி ஓடவில்லை" என்று வீட்டில் ஒருவர் சொன்னால், அந்த இரண்டு சொற்களுக்குள் குறைந்தது நான்கு வேறுவேறு கோளாறுகள் இருக்கக்கூடும். பொத்தானை அழுத்தியும் ஒரு விளக்குகூட எரியாமல் இருப்பது ஒன்று. விசிறிகள் சுழன்றும் திரை இருண்டே கிடப்பது இன்னொன்று. தயாரிப்பு நிறுவனத்தின் முத்திரை திரையில் தோன்றி, விண்டோஸ் வருவதற்குள் நின்றுவிடுவது மூன்றாவது. விண்டோஸ் வந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று அணைவதும், நீலத் திரையைக் காட்டி நிற்பதும் நான்காவது வகை.

இந்தப் பிரிவினைக்கு ஒரு காரணம் உண்டு. கணினி எப்போதும் ஒரே வரிசையில்தான் எழுகிறது. முதலில் மின்சாரம் வருகிறது. பின் கணினியின் மூளையான பிராசஸர் விழிக்கிறது. அது ரேம் நினைவகத்தைச் சோதிக்கிறது. திரைக்குப் படம் அனுப்புகிறது. அதன் பிறகே ஹார்ட் டிஸ்க்கைத் தேடி, அதிலிருந்து விண்டோஸை அழைக்கிறது. முந்தைய படி முடியாமல் அடுத்த படி தொடங்காது. ஆகவே திரையில் முத்திரை தெரிகிற கணினியில், மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஐ முதலில் சந்தேகிப்பதும், ஒரு விளக்குகூட எரியாத கணினியில் விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டும் என்று பேசுவதும் பொருளற்றவை. எந்தப் படி வரை வந்து நின்றது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அந்தப் படியிலிருந்து தேடத் தொடங்குங்கள். இங்கே நான் எழுதுவது மேசைக் கணினிக்கு உரியது; மடிக்கணினியைத் திறப்பது வேறு வகை வேலை, புதியவர்கள் அதில் கைவைக்க வேண்டாம்.

கையை வைப்பதற்கு முன்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு மூன்று செய்திகளை எழுதுங்கள். கணினி கடைசியாக நன்றாக ஓடியது எப்போது, அதற்குப் பின் வீட்டில் என்ன மாறியது (மின்வெட்டு, இடி மின்னல், புதிய பிரின்டர், விண்டோஸ் அப்டேட், கணினியை வேறு அறைக்கு நகர்த்தியது), இப்போது அழுத்தினால் சரியாக என்ன நடக்கிறது என்பவையே அவை. திரையில் ஏதேனும் ஆங்கில வாசகம் வந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து சொல்லும்போது அதன் முக்கியமான எண்தான் முதலில் மறந்துபோகும். கணினிப் பெட்டியான கேபினட்டைத் திறந்தவுடன், எந்தக் கேபிளையும் தொடாமல், உள்ளே எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். திரும்பப் பொருத்தும்போது அந்தப் படங்களே உங்களுக்கு வழிகாட்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். கேபினட்டைத் திறப்பதற்கு முன் சுவர் ஸ்விட்சை அணைப்பது போதாது. கணினியின் பின்னால் செருகியிருக்கும் பவர் கேபிளையே உருவிவிட வேண்டும். யு.பி.எஸ். வழியாக இணைத்திருந்தால் சுவரில் அணைத்த பின்னும் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேபிளை உருவிய பின் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கியிருக்கும் மின்னூட்டத்தின் பெரும்பகுதி வடிந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். என்ற அந்த உலோகப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதனுள் இருக்கும் பெரிய மின்தேக்கி ஓடும்போது 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். கேபிளை உருவிய பின்னும் அது சிறிது நேரம் அப்படியே நிற்கக்கூடும்.

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று உணர்வது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அது கணினியின் கோளாறு அன்று, எர்த் இல்லாததன் அடையாளம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் இரண்டு சிறிய மின்தேக்கிகள் எர்த் கம்பியை நம்பியே இணைக்கப்பட்டுள்ளன. அந்தக் கம்பி இல்லாவிட்டால், உள்ளே வரும் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி, மிகக் குறைந்த மின்னோட்டத்துடன், உலோகக் கூட்டில் வந்து நிற்கும். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு துளைச் சாக்கெட்டில் செருகும் பழக்கம் ஆபத்தானது. எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தச் சாக்கெட்டுக்கு எர்த் இழுக்கச் சொல்வதே கணினிக்கும் வீட்டாருக்கும் பாதுகாப்பு.

ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால்

சுவரிலிருந்து தொடங்குங்கள். கணினி செருகியிருந்த அதே சாக்கெட்டில் கைப்பேசி சார்ஜரையோ மேசை விளக்கையோ செருகிப் பாருங்கள். எரிகிறது என்றால் அடுத்து ஸ்பைக் பஸ்டர்: அதன் ஸ்விட்ச், அதன் ஃபியூஸ், அதில் நீங்கள் பயன்படுத்தும் துளை ஆகியவற்றை இதேபோல் சோதியுங்கள். அடுத்து யு.பி.எஸ். வீடுகளில் வைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள ஒரே ஒரு பேட்டரி இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் அது இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பேட்டரி செத்துப்போன யு.பி.எஸ். சில வேளைகளில் வீட்டில் மின்சாரம் இருக்கும்போதுகூட எழாது. வேறு சில, மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தாலே கணினியை அணைத்துவிடும். யு.பி.எஸ்.ஐ விலக்கிவிட்டு கணினியை நேரடியாகச் சுவர்ச் சாக்கெட்டில் செருகிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அதற்குள் கணினி எழுந்துவிட்டால், மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒரு பேட்டரி மட்டுமே.

பவர் கேபிளைச் சோதிக்க ஒரு செலவில்லாத வழி இருக்கிறது. பெரும்பாலான மானிட்டர்களுக்கும் கணினிப் பெட்டிக்கும் ஒரே வகைக் கேபிள்தான். மானிட்டரின் விளக்கு எரிகிறது என்றால் அதன் கேபிள் நல்லது. அதை உருவிக் கணினிக்குச் செருகிப் பாருங்கள். தனி அடாப்டருடன் வரும் மானிட்டருக்கு இது பொருந்தாது. பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேயே ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கும். வட்டக் குறி இருக்கும் பக்கம் அழுத்தியிருந்தால் அது அணைந்திருக்கிறது என்று பொருள். வீட்டைப் பெருக்கும்போதோ மேசையை நகர்த்தும்போதோ அது தவறுதலாக அழுந்திவிடுவது உண்டு. பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் 115, 230 என்று எண்கள் எழுதிய ஒரு சிவப்பு ஸ்விட்சும் இருக்கும். அது 230இல் இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள். 115இல் தள்ளிவிட்டு நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் எஸ்.எம்.பி.எஸ். அந்த நொடியே வெடித்துப் போகும்.

இதுவரை எல்லாம் சரி என்றால், யு.எஸ்.பி.யில் செருகியிருக்கும் பென் டிரைவ், பிரின்டர், ஹெட்போன் அனைத்தையும் உருவிவிட்டு மறுபடி அழுத்துங்கள். வளைந்துபோன ஒரு யு.எஸ்.பி. துளையில் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டால்கூடக் கணினி எழ மறுக்கும். பிறகு கேபினட்டின் பக்கத் தகட்டைத் திறந்து, எல்லாப் பாகங்களும் பொருந்தியிருக்கும் பலகையான மதர்போர்டில் செருகியிருக்கும் 24 பின் அகலக் கேபிளையும், பிராசஸருக்கு அருகில் தனியாகச் செருகியிருக்கும் 4 அல்லது 8 பின் கேபிளையும் ஒருமுறை உருவி, 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்திச் செருகுங்கள்.

பவர் பொத்தானே கெட்டுப்போவதும் உண்டு. இதை யாரும் முதலில் நினைப்பதில்லை. முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரட்டைக் கம்பி மதர்போர்டின் ஓர் ஓரத்தில் இரண்டு பின்களில் செருகியிருக்கும். பக்கத்திலேயே ரீசெட் பொத்தானின் கம்பியும் இருக்கும். மின் இணைப்பை எடுத்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றிச் செருகி, பின் இணைப்பைக் கொடுத்து ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். கணினி எழுந்தால் பவர் பொத்தான்தான் குற்றவாளி. புதிய பொத்தான் வாங்கும்வரை ரீசெட் பொத்தானையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

அதற்கும் எழவில்லை என்றால் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மீது விழுகிறது. அதன் எல்லாக் கேபிள்களையும் மதர்போர்டிலிருந்தும் டிஸ்க்குகளிலிருந்தும் கழற்றி, 24 பின் இணைப்பில் உள்ள ஒரே பச்சைக் கம்பியையும் பக்கத்தில் உள்ள ஒரு கறுப்புக் கம்பியையும் வளைத்த ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, கடைசியாகப் பவர் கேபிளைச் செருகினால் அதன் விசிறி சுழல வேண்டும். கம்பிகள் அனைத்தும் கறுப்பாக உள்ள புதிய வகைகளில் நிறத்தை நம்ப முடியாது; அதில் இந்தச் சோதனையைப் புதியவர்கள் செய்ய வேண்டாம். விசிறி சுழன்றாலும் எஸ்.எம்.பி.எஸ். முழு நலத்துடன் இருக்கிறது என்று அதற்குள் முடிவுகட்டக் கூடாது, ஏனெனில் சுமையில்லாமல் விழிக்கும் பெட்டி சுமை ஏறியதும் தளர்ந்துவிடலாம். மல்டிமீட்டர் கையாளத் தெரிந்தவர்கள் மஞ்சள் கம்பியில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வருகிறதா என்று பார்க்கலாம்; ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை ஏற்கத்தக்கது. நிச்சயமான சோதனை என்பது நன்றாக ஓடும் இன்னொரு எஸ்.எம்.பி.எஸ்.ஐ இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான். பின்பக்கத்தில் கழன்ற தகடுகளின் இடைவெளி வழியே பல்லியும் எறும்பும் உள்ளே புகுந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மதர்போர்டையும் பழுதாக்குவது நம் ஊரில் அடிக்கடி நடப்பது. அந்த இடைவெளிகளை மூடி வைப்பது நல்லது.

விசிறி சுழல்கிறது, திரை இருட்டாக இருக்கிறது

வீட்டுக் கணினிகளில் நான் அதிகம் பார்த்திருப்பது இந்த வகைதான். "மதர்போர்டு போய்விட்டது" என்ற தவறான தீர்ப்பு அதிகம் வழங்கப்படுவதும் இங்கேதான். ஆகவே இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

மானிட்டரில் "நோ சிக்னல்" என்ற வாசகம் மிதந்தால் மானிட்டர் உயிருடன் இருக்கிறது, அதற்குப் படம் வரவில்லை என்றே பொருள். மானிட்டரின் பொத்தான்களில் உள்ளீட்டு வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். எச்.டி.எம்.ஐ. கேபிள் செருகியிருக்க, மானிட்டர் பழைய வி.ஜி.ஏ. துளையையே பார்த்துக்கொண்டிருக்கலாம். திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டு தனியாகப் பொருத்திய கணினியில், மானிட்டர் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். கணினியை நகர்த்திவிட்டுத் திரும்ப இணைக்கும்போது மேலே இருக்கும் மதர்போர்டுத் துளையில் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று கலங்குவது சகஜம். இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதனுள் கிராபிக்ஸ் வசதி இல்லை. அந்தக் கணினியில் மதர்போர்டுத் துளை எந்நாளும் படம் தராது.

அடுத்து, கணினி உண்மையில் எழுந்திருக்கிறதா என்று கீபோர்டைக் கேளுங்கள். நம்லாக் விசையை அழுத்தும்போதெல்லாம் அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிரோட்டம் இருக்கிறது, கோளாறு பெரும்பாலும் படத்தின் வழியில்தான். விளக்கு அசையவே இல்லை என்றால் கணினி தன் முதல் சோதனையிலேயே தடுக்கி நிற்கிறது. புதிய மதர்போர்டுகள் பலவற்றில் சி.பி.யு. (பிராசஸர்), டி.ரேம் (ரேம்), வி.ஜி.ஏ. (படம்), பூட் (விண்டோஸைத் தொடங்குவது) என்று எழுதிய நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடை. பழைய போர்டுகள் பீப் ஒலியால் பேசும். அந்த ஒலிகளின் எண்ணிக்கைக்கான பொருள், கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸின் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறுவதால், உங்கள் போர்டின் கையேட்டைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

பெரும்பாலான வேளைகளில் விடை ரேமில் இருக்கிறது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றும் தூசியும் ரேம் பட்டையின் தங்க முலாம் பூசிய பற்களில் மெல்லிய படலமாகப் படிந்து தொடர்பைக் கெடுத்துவிடும். கேபிளை உருவி, கேபினட்டின் பூச்சில்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னை இறக்கிக்கொள்ளுங்கள். ரேம் பட்டையின் இரு முனைகளிலும் உள்ள கொக்கிகளை விலக்கினால் அது மேலெழும்பும்; சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே கொக்கி இருக்கும். பட்டையை ஓரங்களில் பிடித்து, பென்சில் எழுத்தை அழிக்கும் மென்மையான வெள்ளை ரப்பரால் பற்களின் மீது ஒரே திசையில் இலேசாகத் தேய்த்து, துகள்களை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். முலாம் மிக மெல்லியது, ஆகவே அழுத்தித் தேய்க்கக் கூடாது. உப்புத்தாளை நெருங்கவும் விடாதீர்கள். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கிடைத்தால் ரப்பரைவிட அது மேல். ரேம் செருகும் பள்ளத்தையும் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் சேரும்.

திரும்பச் செருகும்போது பட்டையின் அடியில் உள்ள வெட்டு, பள்ளத்தில் உள்ள மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரு முனைகளிலும் சமமாக அழுத்துங்கள். சற்று வலுவாகவே அழுத்த வேண்டியிருக்கும். கொக்கி தானாக நிமிர்ந்து பூட்டிக்கொண்டால்தான் முழுதாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி ஓட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை, பிறகு வேறு பள்ளத்தில். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றி, முடிவைத் தாளில் எழுதுங்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றி கணினி எழுந்துவிட்டால் எது காரணம் என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது தொடக்கத்திலிருந்தே தேட வேண்டியிருக்கும். டி.டி.ஆர்.5 வகை ரேம் உள்ள கணினி, பட்டையை மாற்றியதும் முதல்முறை எழ ஒரு சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும்; அதற்குள் திரை வரவில்லை என்று அணைத்துவிடாதீர்கள்.

ரேம் கைகொடுக்கவில்லை என்றால், தனி கிராபிக்ஸ் கார்டு இருப்பின் அதையும் இதேபோல் கழற்றித் துடைத்துச் செருகுங்கள். பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டு இல்லாமல் மதர்போர்டுத் துளையில் மானிட்டரை இணைத்துப் பாருங்கள். அதன் பின், மதர்போர்டில் நாணயம் போல் பளபளக்கும் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பேட்டரியைக் கவனியுங்கள். கடிகாரத்தையும் பழைய கணினிகளில் பயாஸ் அமைப்புகளையும் காத்து வைப்பது அதுதான். மின் இணைப்பை எடுத்துவிட்டு அதைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டால் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும். இதை நான் ரேமுக்குப் பின் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போகும்போது, ஹார்ட் டிஸ்க்கை எந்த முறையில் படிப்பது என்ற தேர்வும் மாறிவிடலாம். அப்போது திரை வந்தும் விண்டோஸ் வராமல் நிற்கும், டிஸ்க் கெட்டுவிட்டது என்று தவறாக எண்ண நேரிடும். கணினி நன்றாக ஓடும் நாளிலேயே பயாஸ் பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வராது.

மதர்போர்டின் மேல் உருளை வடிவில் நிற்கும் மின்தேக்கிகளின் தலைப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ போர்டில் உண்மையாகவே பழுது இருக்கிறது. 2000-களின் முற்பகுதியில் வந்த போர்டுகளில் இது பெருவாரியாக நடந்தது.

முத்திரை வருகிறது, விண்டோஸ் வரவில்லை

இங்கே முதலில் செய்ய வேண்டியது பென் டிரைவையும் வெளி டிஸ்க்கையும் உருவுவதுதான். கணினி அவற்றில் விண்டோஸைத் தேடி, கிடைக்காமல் நின்றிருக்கலாம். அடுத்து, கணினியை ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் நுழைந்து, ஹார்ட் டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் டிஸ்க்குக்குச் செல்லும் சாட்டா என்ற தரவுக் கேபிளையும் மின் கேபிளையும் உருவிச் செருகுங்கள். சாட்டா கேபிள் விலை குறைந்தது, எளிதில் தளர்வது. பெயர் இருந்து, தொடங்கும் வரிசையில் மட்டும் இடம் மாறியிருந்தால் அதை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சீராக ஒலி வந்தால் அந்தக் கணமே அணைத்துவிடுங்கள். படிக்கும் முனை தன் இடத்தைக் காணாமல் தவிக்கும் ஒலி அது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளே உள்ள தரவு மீட்கும் வாய்ப்பு குறைகிறது. அதில் திரும்பக் கிடைக்காத புகைப்படங்களோ ஆவணங்களோ இருந்தால், பழுதுபார்க்கும் முயற்சி எதையும் செய்யாமல் தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

டிஸ்க் அமைதியாக இருந்து, விண்டோஸ் மட்டும் பாதியில் நின்றால், அதற்குள்ளேயே ஒரு மருத்துவ அறை இருக்கிறது. எஃப்8 விசையைத் தட்டும் பழைய வழி விண்டோஸ் 8 முதல் இயல்பாக அடைக்கப்பட்டுவிட்டது. விண்டோஸ் 10, 11 பதிப்புகளில், விண்டோஸின் சுழலும் புள்ளிகள் தோன்றும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் அடுத்த முறை அது மீட்புப் பக்கத்தைத் தானே திறக்கும். அதில் 'டிரபிள்ஷூட்', பின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று போனால் நான்கு வழிகள் முக்கியமானவை. முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. அது பலிக்காவிட்டால், அண்மையில் அப்டேட் வந்திருக்குமானால் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. பின் 'சிஸ்டம் ரீஸ்டோர்'. கடைசியாக 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியே மறுபடி தொடங்கி, எண் 4ஐ அழுத்தினால் வரும் சேஃப் மோடு. அதில் விண்டோஸ் மிகத் தேவையானவற்றோடு மட்டும் எழும்; அண்மையில் நிறுவிய மென்பொருளையோ, ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவரையோ அங்கிருந்து நீக்கலாம்.

சேஃப் மோடு எவ்வளவு வலுவான வழி என்பதை 2024 ஜூலை 19 உலகத்துக்குக் காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு அப்டேட் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. அவற்றைக் கையால் மீட்டவர்கள் செய்தது, சேஃப் மோடில் நுழைந்து அந்தப் பிழைக் கோப்பை அழித்ததுதான். டிஸ்க்கை முழுதாக அழிக்கும் ஃபார்மட் அதற்குத் தேவைப்படவில்லை.

மீட்புப் பக்கம் சில கணினிகளில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்பு எண்ணைக் கேட்கும். 48 இலக்கங்கள் கொண்ட அந்த எண், நீங்கள் விண்டோஸில் நுழையப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும்; கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறந்து எடுக்கலாம். எண் இல்லாமல் அந்த டிஸ்க்கை யாராலும் திறக்க இயலாது. கணினி நன்றாக இருக்கும்போதே அதைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

எந்த வழியும் பலிக்காமல் விண்டோஸை மீண்டும் நிறுவத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அதற்கு முன் கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை வேறொரு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் கணினியைத் தொடங்கினால், டிஸ்க்கில் எதையும் நிறுவாமலேயே உள்ளே உள்ள கோப்புகளைத் திறந்து வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம். நிறுவட்டுமா என்று அது கேட்கும் இடத்தில் மட்டும் கை போய்விடக் கூடாது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், மீண்டும் நிறுவும்போது உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தால்

வெப்பத்தை முதலில் சந்தேகியுங்கள். பிராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். பிராசஸர் விசிறியின் கீழ் உள்ள அலுமினியத் தகடுகளுக்குள் தூசி மெத்தை போல் படிந்திருந்தால், விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதி வெளியேற்றுங்கள். பல ஆண்டு பழைய கணினியில் பிராசஸருக்கும் அந்தத் தகட்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசை காய்ந்திருக்கும். பழையதைத் துடைத்து, ஒரு பட்டாணி அளவு புதியதை வைக்க வேண்டும்.

வெப்பம் இல்லை என்றால் ரேமும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அடுத்தவை. விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்ற சோதனை இருக்கிறது. அதை இரவில் ஓடவிடலாம். விண்டோஸ் நடந்தவற்றைக் குறித்து வைக்கும் 'ஈவென்ட் வியூவர்' பட்டியலில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைப் பார்த்துவிட்டு அதுவே நோய் என்று பலர் நினைக்கிறார்கள். கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது, ஏன் நின்றது என்பதை அன்று. கணினி ஓடுகிறது, ஆனால் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது, இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று பிரௌசர் தடுக்கிறது என்றால் அந்த நாணயப் பேட்டரியை மாற்றினால் போதும்.

கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தால்

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா வீட்டுக் கணினி, முத்திரையோடு நின்றுபோனது. பக்கத்தில் இருந்த ஒரு கடையில் கொடுத்தார்கள். மாலையில் நன்றாக ஓடும் நிலையில் திரும்பி வந்தது, ஆனால் யாரிடமும் கேட்காமல் டிஸ்க்கை ஃபார்மட் செய்திருந்தார்கள். குழந்தை பிறந்தது முதல் பள்ளி சேர்ந்தது வரை எடுத்த படங்கள் அதில் மட்டுமே இருந்தன. நாணயப் பேட்டரி தீர்ந்து, டிஸ்க்கைப் படிக்கும் முறை பயாஸில் மாறியிருந்தது என்பதைப் பிறகு அதே கோளாறு மறுபடி வந்தபோது கண்டுபிடித்தேன். அந்த அமைப்பைத் திருப்பி வைக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு அந்த இழப்புதான் காரணம்.

ஆகவே கடைக்குப் போகுமுன், கோளாறு டிஸ்க்கில் இல்லை என்று தெரிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முதல் இரண்டு வகைக் கோளாறுகளைப் பழுதுபார்க்க டிஸ்க் தேவையே இல்லை. டிஸ்க்கோடு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், "என் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று அவர்கள் தரும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். ரேம், டிஸ்க், மதர்போர்டு ஆகியவற்றின் சீரியல் எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய தாளையும் கொடுங்கள். எந்தச் சாக்கெட், எந்த ரேம், எந்தப் பள்ளம் என்று ஏற்கெனவே சோதித்தவை அதில் இருப்பதால் நல்ல பழுதுபார்ப்பவரின் நேரம் மிச்சமாகும். மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னால், வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வேறு ரேமும் மாட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அந்த இரண்டையும் மாற்றிப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வர முடியாது. எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திரும்பக் கேளுங்கள், பில்லில் புதியதன் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள், ஏனெனில் வாரன்டி அந்த எண்ணை வைத்தே கிடைக்கும்.

கணினி மறுபடி எழுந்த அன்று, பக்கத் தகட்டை மூடி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கிறது என்றால், வேறு எந்த வேலைக்கும் முன்பு, வெளி டிஸ்க் ஒன்றைச் செருகிக் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் நகல் எடுக்கத் தொடங்குங்கள். முடிந்ததும் அந்த டிஸ்க்கை உருவி, கணினி இருக்கும் மேசையில் வைக்காமல், வேறு அறையின் அலமாரியில் வையுங்கள்.